1992 யூரோ கோப்பை: டென்மார்க் வீரர்கள் உண்மையிலேயே கடற்கரையிலிருந்து எழுந்து வந்தா வென்றார்கள்?

கேள்வி: மைதானத்து ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். மாலைப் பயிற்சி முடிந்து பிள்ளைகள் தண்ணீர் குடித்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்காரும்போது கால்பந்து வரலாற்றிலிருந்து ஏதாவது ஒரு நிகழ்ச்சியைச் சொல்வதை வழக்கமாக வைத்திருக்கிறேன். சென்ற வாரம் 1992ஆம் ஆண்டின் யூரோ கோப்பையைப் பற்றிப் பேசினேன். தகுதிச்சுற்றிலேயே வெளியேறிய டென்மார்க், போரில் சிக்கிய யூகோஸ்லாவியா தடை செய்யப்பட்டதால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டது என்றும், கடற்கரைகளில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்த வீரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு சுவீடனுக்குப் போய்க் கோப்பையோடு திரும்பினார்கள் என்றும் நான் படித்த விதமாகவே சொன்னேன்.

கேட்டு முடித்ததும் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "அப்படியென்றால் நாங்கள் ஏன் சார் தினமும் பயிற்சி செய்ய வேண்டும்?" என்று கேட்டான். குறும்புக்காகக் கேட்கவில்லை, உண்மையான ஐயத்தோடுதான் கேட்டான். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவு முழுவதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஆகவே விவரம் அறிந்தவர்களிடம் கேட்கிறேன். கடற்கரைக் கதை எவ்வளவு தூரம் உண்மை? அந்த அணி எந்தத் தயாரிப்பும் இல்லாமல் வந்த அணியா? அவர்கள் பந்தைத் திரும்பத் திரும்பக் கோல் காப்பாளரிடமே கொடுத்து நேரம் கடத்தியதால்தான் பேக் பாஸ் விதி மாற்றப்பட்டது என்றும் ஓரிடத்தில் படித்தேன். அதுவும் சரிதானா?

மறுமொழி: நடுக்களம்

ஐயா, உங்கள் மாணவனின் கேள்வி மிகச் சரியானது. அந்தக் கதை வழக்கமாகச் சொல்லப்படும் விதத்தில்தான் பிழை இருக்கிறது.

முதலில் தகுதிச்சுற்றைப் பார்க்க வேண்டும். டென்மார்க் இருந்த நான்காம் பிரிவில் யூகோஸ்லாவியா, வட அயர்லாந்து, ஆஸ்திரியா, பரோயே தீவுகள் ஆகிய அணிகள் இருந்தன. வெற்றிக்கு 2 புள்ளிகள் வழங்கப்பட்ட காலம் அது. எட்டு ஆட்டங்களின் முடிவில் யூகோஸ்லாவியா 14 புள்ளிகளும் டென்மார்க் 13 புள்ளிகளும் பெற்றிருந்தன. பிரிவில் முதலிடம் பெறும் அணி மட்டுமே சுவீடனுக்குச் செல்ல முடியும் என்பதால், ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் டென்மார்க் வீட்டில் இருக்க நேர்ந்தது. இறுதித் தொடரில் ஆடிய அணிகள் எட்டே எட்டுத்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்றைக்கு இருப்பதுபோல் 24 அணிகளுக்கு இடமிருந்தால் டென்மார்க் எந்தப் பேச்சுக்கும் இடமின்றி நேரடியாக நுழைந்திருக்கும்.

இன்னும் ஒன்று உண்டு. அந்தத் தகுதிச்சுற்றில் யூகோஸ்லாவியா ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்றது, தோற்கடித்த அணி டென்மார்க். 1991 மே 1 அன்று, எதிரணியின் சொந்த மண்ணான பெல்கிரேடில், பென்ட் கிறிஸ்டென்சன் அடித்த இரண்டு கோல்களால் டென்மார்க் 2-1 என்று வென்றது. யூகோஸ்லாவியா அப்போது எப்படிப்பட்ட அணி என்றால், 1990 உலகக்கோப்பையின் காலிறுதியில் மரடோனாவின் அர்ஜென்டினாவிடம் பெனால்டி உதைகளில் மட்டுமே வீழ்ந்த அணி. பெல்கிரேடின் ரெட் ஸ்டார் கழகம் அதே 1991 மே மாதக் கடைசியில் ஐரோப்பியக் கழகக் கோப்பையையே வென்றது. அப்படிப்பட்டவர்களை அவர்கள் ஊரிலேயே வென்ற அணியை யாரோ எவரோ என்று சொல்வது நியாயமாகாது.

அந்தப் பயணத்தின் தொடக்கம் மோசமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெல்ஃபாஸ்டில் வட அயர்லாந்தோடு 1-1 என்று சமன் செய்தார்கள். 1990 நவம்பரில் கோபன்ஹேகனில் யூகோஸ்லாவியாவிடம் 0-2 என்று தோற்றார்கள். பயிற்சியாளர் ரிச்சர்ட் மொல்லர் நீல்சனின் எச்சரிக்கையான ஆட்டமுறை பிடிக்காமல், நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரரான மைக்கேல் லாட்ரப்பும் அவருடைய தம்பி பிரயன் லாட்ரப்பும் அணியிலிருந்து விலகிக்கொண்டார்கள். அதன் பிறகு டென்மார்க் தகுதிச்சுற்றில் ஆடிய ஐந்து ஆட்டங்களையும் வென்றது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். தலைசிறந்த இருவரும் போன பின்பு, மீந்திருந்தவர்கள் ஒன்றுசேர்ந்து ஓர் அணியாக ஆனார்கள்.

அவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களும் அல்லர். கோல் காப்பாளர் ஷ்மைக்கேல், லார்ஸ் ஓல்சன், ஜான் ஜென்சன், கிம் வில்ஃபோர்ட், கிறிஸ்டென்சன் ஆகியோர் கோபன்ஹேகன் புறநகரின் பிரண்ட்பி கழகத்தில் சேர்ந்து ஆடியவர்கள். அந்தக் கழகம் 1991இல், ஐரோப்பியக் கழகங்கள் மோதும் யூஇஎஃப்ஏ கோப்பையின் அரையிறுதி வரை சென்று, ரோமா அணியிடம் கடைசி நிமிடங்களில்தான் தோற்றது. ஒருவர் எங்கே ஓடுவார், மற்றவர் பந்தை எங்கே எதிர்பார்ப்பார் என்பது பல ஆண்டுகள் ஒரே களத்தில் ஆடியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடற்கரை விஷயத்துக்கு வருகிறேன். ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை யூகோஸ்லாவியா மீது தடைகள் விதிக்கும் 757ஆம் தீர்மானத்தை நிறைவேற்றிய நாள் 1992 மே 30. டென்மார்க்கின் முதல் ஆட்டம் ஜூன் 11. இடையில் இருந்தது பன்னிரண்டு நாட்கள் என்பது உண்மையே. ஆனால் முன்னாள் சோவியத் வீரர்களைக் கொண்ட காமன்வெல்த் அணி சுவீடனுக்குப் புறப்படும் முன் தன்னைத் தயார்செய்துகொள்ள, ஜூன் 3 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்கோடு ஒரு நட்பாட்டம் ஏற்கெனவே ஏற்பாடாகியிருந்தது. அந்த ஆட்டம் 1-1 என்று முடிந்தது. ஆகவே அழைப்பு வந்தபோது அணி எப்படியும் கூடவேண்டிய நிலையில்தான் இருந்தது. சிலர் விடுமுறைத் திட்டங்களைக் கைவிட்டு வந்தார்கள் என்பதில் ஐயமில்லை. தன் வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்கவிருந்த வேளையில் அழைப்பு வந்ததாக மொல்லர் நீல்சன் சொன்னது உலகமெங்கும் பரவியது. அந்தச் சமையலறையும் கடற்கரையும் கேட்பதற்கு இனிமையானவை என்பதால், பெல்கிரேடின் வெற்றி அவற்றுக்குப் பின்னால் மறைந்துபோனது.

மறுமொழி: கம்பத்தடி

மேலே நண்பர் எழுதியதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மிகையைத் திருத்தப் போய் எதிர்ப்பக்க மிகைக்குச் சென்றுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். டென்மார்க் அந்தத் தொடரில் தொடக்கம் முதலே சிறப்பாக ஆடியது என்ற எண்ணம் உங்கள் மாணவர்களுக்கு ஏற்பட்டால் அதுவும் தவறாகும்.

ஜூன் 11 அன்று மால்மோ நகரில் இங்கிலாந்துடன் 0-0. ஜூன் 14 அன்று ஸ்டாக்ஹோமில் சுவீடனிடம், தாமஸ் ப்ரோலின் அடித்த கோலால், 0-1 என்று தோல்வி. இரண்டு ஆட்டங்களில் ஒரு கோலும் இல்லை, ஒரே ஒரு புள்ளி. மூன்றாவது ஆட்டம் பிரான்ஸ் அணியோடு. மிஷேல் பிளாட்டினி பயிற்சியளித்த அந்த அணி தகுதிச்சுற்றில் ஆடிய எட்டு ஆட்டங்களையும் வென்று வந்திருந்தது. டென்மார்க் வென்றே ஆகவேண்டும். ஹென்ரிக் லார்சன் தொடக்கத்திலேயே கோல் அடித்தார், பிரான்ஸின் பாப்பின் அதைச் சமன் செய்தார், மாற்று ஆட்டக்காரராக வந்த லார்ஸ் எல்ஸ்ட்ரப் 78ஆவது நிமிடத்தில் வெற்றிக் கோலை அடித்தார். 3 புள்ளிகளோடு சுவீடனுக்கு அடுத்த இடத்தைப் பெற்று அரையிறுதிக்குள் நுழைந்தார்கள். பிரான்ஸும் இங்கிலாந்தும் 2 புள்ளிகளோடு ஊர் திரும்பின.

அரையிறுதியில் நடப்புச் சாம்பியனான நெதர்லாந்தோடு 2-2. மொத்தத் தொடரில் ஆடிய ஐந்து ஆட்டங்களில் 90 நிமிடங்களுக்குள் டென்மார்க் வென்றவை இரண்டே இரண்டுதான், பிரான்ஸை ஒரு முறையும் ஜெர்மனியை ஒரு முறையும். இறுதியாட்டத்தில் வில்ஃபோர்ட் அடித்த இரண்டாவது கோலுக்கு முன் பந்து அவர் கையில் பட்டதா என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை. நல்வாய்ப்பும் அவர்களோடு இருந்தது என்று சொல்வதால் அவர்களுடைய பெருமை குறைந்துவிடாது.

பேக் பாஸ் பற்றி. அன்றைய விதிப்படி, சக ஆட்டக்காரர் காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தைக் கோல் காப்பாளர் கையால் எடுக்கலாம். டென்மார்க் அதை அளவின்றிப் பயன்படுத்தியது. முன்னிலை பெற்ற பிறகு பந்தை ஷ்மைக்கேலிடம் கொடுப்பதும், அவர் அதை எடுத்துச் சற்று நடந்து பின்காவல் வீரர் ஒருவருக்கு உருட்டுவதும், அது மறுபடி அவரிடமே வருவதுமாக நிமிடங்கள் கரைந்தன. இறுதியாட்டத்தின் பதிவைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் அவர்களே வியந்துபோவார்கள். ஆனால் விதி மாறியதற்கு டென்மார்க் காரணமன்று. 1990 இத்தாலி உலகக்கோப்பையின் ஆட்டங்கள் சலிப்பூட்டியதால் எழுந்த அதிருப்தியே அதற்கு வித்திட்டது, அப்படிக் கையால் எடுப்பதைத் தடுக்கும் புதிய விதி யூரோ நடந்த அதே கோடையிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய விதியில் நடந்த கடைசிப் பெருந்தொடர் என்பதால் அந்தக் காட்சிகள் நினைவில் தங்கிவிட்டன, பழியும் அவர்கள்மேல் விழுந்தது. அன்றைக்கு எல்லா அணிகளும் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள், சற்று அதிகமாகச் செய்தார்கள்.

மறுமொழி: நடுக்களம்

நல்வாய்ப்பு பற்றிய கருத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் அரையிறுதியை வெறும் சமன் ஆட்டமாகக் கடந்து செல்ல எனக்கு மனமில்லை. வான் பாஸ்டன், குல்லிட், ரைக்கார்ட், கூமன், இளம் பெர்க்காம்ப் ஆகியோர் ஒன்றாக ஆடிய அணி அது. குழுநிலையில் உலகச் சாம்பியன் ஜெர்மனியை 3-1 என்று வென்றிருந்தது. அவர்களுக்கு எதிராக இரண்டு முறை முன்னிலை பெற்றது டென்மார்க்தான், இரண்டு கோல்களும் லார்சனுடையவை. 86ஆவது நிமிடத்தில் ரைக்கார்ட் அடித்த கோலால்தான் நெதர்லாந்து தப்பியது. பிரயன் லாட்ரப் அதற்குள் மொல்லர் நீல்சனோடு சமாதானமாகி அணிக்குத் திரும்பியிருந்தார், அவருடைய வேகம் எதிரணியின் தற்காப்பைத் தொடர்ந்து அலைக்கழித்தது. மைக்கேல் மட்டும் திரும்பவில்லை. அவர் அந்த மே 20 அன்று வெம்பிளியில் பார்சிலோனா கழகத்துக்காக ஆடி ஐரோப்பியக் கழகக் கோப்பையை வென்றிருந்தார், தன் நாட்டின் மாபெரும் வெற்றியிலோ அவருக்குப் பங்கில்லாமல் போனது.

பெனால்டி உதைகளில் வான் பாஸ்டனின் உதையை ஷ்மைக்கேல் தடுத்தார். மற்ற ஒன்பது பேரும் தவறவில்லை. கடைசி உதையை எடுத்த கிம் கிறிஸ்டோஃப்டே, ஏறக்குறைய நின்ற இடத்திலிருந்தே, ஓரிரு அடி மட்டும் எடுத்து வைத்துப் பந்தை உள்ளே அனுப்பினார். அந்த அமைதியைக் கடற்கரையிலிருந்து எடுத்து வந்திருக்க முடியாது.

மறுமொழி: எல்லைக்கோடு

இந்த உரையாடலில் யூகோஸ்லாவியாவைப் பற்றி ஓரிரு வரிகளாவது எழுதப்பட வேண்டும் என்பதால் எழுதுகிறேன். டென்மார்க்கின் கதையைச் சொல்லும்போது, "யூகோஸ்லாவியா தடை செய்யப்பட்டது" என்பதை ஒரு நிர்வாகத் தகவல்போல ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். பிள்ளைகளிடம் சொல்லும்போதாவது அந்த வரிக்குப் பின்னால் இருந்தவர்களைச் சொல்லுங்கள்.

அந்தத் தகுதிச்சுற்று நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அந்த நாடு உடைந்துகொண்டிருந்தது. 1991 ஜூனில் குரோவேஷியாவும் ஸ்லோவேனியாவும் விடுதலையை அறிவித்தன. போபான், ஷூக்கர், ப்ரோசினெச்கி போன்ற குரோவேஷிய வீரர்கள் அதன் பிறகு அந்த அணிக்கு இல்லை. தகுதிச்சுற்றில் 10 கோல்கள் அடித்த டார்கோ பான்செவ், அந்த நாட்டின் மற்றொரு பகுதியான மாசிடோனியாவைச் சேர்ந்தவர். 1992 ஏப்ரலில் போஸ்னியாவின் தலைநகரான சாரயேவோவின் முற்றுகை தொடங்கியது. அணியின் பயிற்சியாளர் இவிட்சா ஓசிம் அந்த நகரத்தில் பிறந்தவர். தன் ஊர் மக்கள்மீது குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போது அவரால் கால்பந்து அணியை நடத்த முடியவில்லை. மே மாதத்தில் பதவி விலகினார். மீதமிருந்த வீரர்கள் சுவீடனுக்கே போய்ச் சேர்ந்துவிட்ட நிலையில் தடை வந்தது, அங்கிருந்து ஊர் திரும்பினார்கள்.

தடை தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லா இனத்தவரும் சேர்ந்திருந்த அந்த அணி முழுமையாக அந்தத் தொடரில் ஆடியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த உடைந்த நாட்டின் ஒரு பகுதியான குரோவேஷியா மட்டும் தனித்து ஆடி 1998 உலகக்கோப்பையில் மூன்றாம் இடம் பெற்றது. ஷூக்கர் 6 கோல்களோடு அதிக கோல் அடித்தவரானார்.

மறுமொழி: மைதானத்து ஆசிரியர்

நீங்கள் எல்லோரும் இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. யூகோஸ்லாவியாவைப் பற்றி நான் ஒரு வரியில் கடந்துபோனது உண்மைதான், திருத்திக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். வில்ஃபோர்ட் தொடரின் நடுவில் அணியை விட்டு வீட்டுக்குச் சென்று வந்தார் என்று ஒரு குறிப்பில் பார்த்தேன். அது காயத்தாலா?

மறுமொழி: கம்பத்தடி

காயத்தால் அன்று, ஐயா. அவருடைய சிறு மகள் இரத்தப் புற்றுநோயால் மருத்துவமனையில் இருந்தாள். குழந்தையின் நிலை மோசமானதால் அவர் முகாமை விட்டுச் சென்றார், பிரான்ஸ் அணியோடு நடந்த ஆட்டத்தில் அவர் இல்லை. மருத்துவமனைக்கும் களத்துக்கும் இடையில் இருந்தது ஒரு கடல்வழி மட்டும்தான். மால்மோவுக்கும் கோபன்ஹேகனுக்கும் இடையே இன்று இருக்கும் பாலம் 2000ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது, அன்றைக்கு டென்மார்க் ரசிகர்கள் படகுகளில் கடந்து வந்துதான் ஆட்டங்களைப் பார்த்தார்கள். வில்ஃபோர்ட் அரையிறுதிக்குத் திரும்பி வந்தார், பெனால்டி உதைகளில் தன் முறையைத் தவறாமல் நிறைவேற்றினார்.

அதே அரையிறுதியில் இடப்பக்கக் காவலர் ஹென்ரிக் ஆண்டர்சனின் முழங்கால் சில்லு உடைந்தது. அவர் வலியில் துடித்த காட்சியை ஒளிபரப்பில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அவர் இல்லாமலே இறுதியாட்டத்துக்குப் போனார்கள்.

ஜூன் 26, கோத்தன்பர்க் நகரின் உல்லேவி மைதானம். எதிரில் 1990இன் உலகச் சாம்பியன், கிழக்கும் மேற்கும் இணைந்தபின் முதல்முறையாக யூரோவில் ஆடிய ஜெர்மனி. முதல் கால் மணிநேரம் ஜெர்மனியுடையதுதான், ஷ்மைக்கேல் இல்லையென்றால் ஆட்டம் அப்போதே முடிந்திருக்கும். 18ஆவது நிமிடத்தில் ஃப்ளெமிங் போவல்சன் பின்னால் தள்ளிவிட்ட பந்தை, பெனால்டி பகுதியின் விளிம்பிலிருந்து ஜான் ஜென்சன் முழு விசையோடு உதைத்தார். அவர் கோல் அடிப்பதற்குப் பேர்போனவர் அல்லர். நடுக்களத்தில் பந்தைப் பறிப்பதும் ஓடுவதுமே அவருடைய வேலை. பின்னாளில் ஆர்சனல் கழகத்துக்காக ஏறக்குறைய நூறு லீக் ஆட்டங்கள் ஆடி ஒரே ஒரு கோல்தான் அடித்தார். ஆனால் அந்த உதை கிளம்பியதும் ஜெர்மனியின் கோல் காப்பாளர் இல்க்னர் பாய்ந்தும் பயனில்லாமல் வலையில் மோதியது. பிறகு ஒரு மணிநேரம் ஜெர்மனி மோதிக்கொண்டே இருந்தது. கிளின்ஸ்மன் தலையால் முட்டிய பந்தை ஷ்மைக்கேல் மேலே தட்டிவிட்டார். 78ஆவது நிமிடத்தில் வில்ஃபோர்ட் பந்தைக் கட்டுப்படுத்தி, இரண்டு பேரைத் தவிர்த்து, இடக்காலால் தாழ்வாக உதைத்தார். பந்து கம்பத்தில் பட்டு உள்ளே சென்றது. கைபட்டதா என்ற விவாதத்தை முன்பு நானே எழுப்பினேன், ஆனால் அந்த உதை யாருடையது என்பதை நினைக்கும்போது அந்த விவாதத்தில் எனக்கு ஆர்வம் இருப்பதில்லை.

சில வாரங்களில் அந்தக் குழந்தை இறந்துவிட்டாள்.

மறுமொழி: நடுக்களம்

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு சிறு இணைப்பு. மொல்லர் நீல்சனைப் பற்றிச் சொல்லும்போது, டென்மார்க் கால்பந்துச் சங்கம் முதலில் விரும்பியது அவரையன்று என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 1980களில் செப் பியோன்டெக் பயிற்சியளித்த டென்மார்க், தாக்குதல் ஆட்டத்துக்காக உலகமே கொண்டாடிய அணி. 1986 உலகக்கோப்பையில் உருகுவேயை 6-1 என்று வென்றுவிட்டு, அடுத்த சுற்றிலேயே ஸ்பெயினிடம் 1-5 என்று சிதறியது. மொல்லர் நீல்சன் அந்த பியோன்டெக்கின் உதவியாளராக இருந்தவர். 1990இல் புதிய பயிற்சியாளராக ஒரு ஜெர்மானியரைக் கொண்டுவரச் சங்கம் முயன்றது. அவருடைய கழகம் அவரை விடுவிக்க மறுத்ததால்தான் பொறுப்பு இவரிடம் வந்தது. ரசிகர்கள் பழைய அழகான ஆட்டத்தை நினைத்து ஏங்கினார்கள், பத்திரிகைகள் இவரை விமர்சித்தன, லாட்ரப் சகோதரர்கள் விலகினார்கள். இத்தனைக்கும் நடுவில் தற்காப்பையும் ஒழுங்கையும் இரண்டு ஆண்டுகள் விடாமல் பயிற்றுவித்தவர் அவர். பன்னிரண்டு நாட்களில் அந்த அணி உருவாகவில்லை.

மறுமொழி: மைதானத்து ஆசிரியர்

இன்று மாலை பயிற்சிக்குப் பின் அந்த மாணவனை முன்னால் உட்காரவைத்துக் கதையை மறுபடியும் தொடங்கினேன். இம்முறை சுவீடனில் தொடங்கவில்லை, 1991 மே 1 அன்று பெல்கிரேடில் தொடங்கினேன். தகுதிச்சுற்றின் புள்ளிகளைக் குச்சியால் மண்ணில் எழுதிக் காட்டினேன். 14க்கும் 13க்கும் இடையிலிருந்த ஒரு புள்ளி எங்கே போனது என்று அவனே கணக்குப் போட்டு, பெல்ஃபாஸ்ட் ஆட்டத்தைச் சமன் செய்யாமல் வென்றிருந்தால் 14 ஆகியிருக்கும் என்று கண்டுபிடித்தான். இருட்டிவிட்டதால் இறுதியாட்டத்தை நாளைக்கு ஒத்திவைத்திருக்கிறேன். வில்ஃபோர்டைப் பற்றி எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.